வயதான தாயாரின் மறதிக்கு வல்லாரையும் பிரமியும் உதவுமா?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 67. திருநெல்வேலியில் என் அண்ணன் குடும்பத்துடன் வசிக்கிறார். பிறந்தது முதல் சைவ உணவுதான். அண்மைக் காலமாகப் பால் வயிற்றை உப்பச் செய்கிறது என்று சொல்லிப் பாலையும் மோரையும்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலமாகவும், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரையையும் எடுத்துக்கொள்கிறார். இரவில் உறக்கம் வருவதில்லை. எப்போதோ ஒவ்வாமைக்கு எழுதிக்கொடுத்த ஒரு மாத்திரை நன்றாகத் தூக்கம் தருகிறது என்று கண்டுகொண்டு, அதையும் தாமே கடையில் வாங்கி விழுங்கும் பழக்கம் உண்டு.

அண்மையில் மறதி கூடியிருப்பதை அண்ணியார் கவனித்துச் சொன்னார். காலையில் கேட்ட கேள்வியையே நண்பகலில் மீண்டும் கேட்கிறார். அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். நெருங்கிய உறவினர்களின் பெயர் சட்டென்று நாவுக்கு வருவதில்லை. ஆனால் சிறுவயதில் மனப்பாடம் செய்த பதிகங்களைப் பிசகாமல் சொல்கிறார், வங்கிக் கணக்கை அவரே பார்த்துக்கொள்கிறார், கோயிலுக்குத் தனியாகப் போய்த் திரும்புகிறார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். ஒருவர் பிரமி நெய் என்கிறார். நாத்தனார் அமுக்கரா என்னும் அசுவகந்தாப் பொடியே வாங்கி வந்து கொடுத்துவிட்டார். எதிர்வீட்டுப் பெரியவர் பாலில் அதிமதுரம் கலந்து கொடுக்கச் சொல்கிறார். யூடியூபில் வந்த ஒரு காணொளி வசம்பைத் தேனில் குழைத்துத் தரச் சொல்கிறது. எனக்கு ஆயுர்வேதத்தின் மீது மதிப்பு உண்டு, ஆனால் இவற்றில் எது அம்மாவுக்குப் பொருந்தும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளுடன் எதைச் சேர்க்கக் கூடாது, உணவில் எதை மாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொல்வார் இல்லை. இவை உண்மையில் நினைவாற்றலைக் கூட்டும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் ஏதும் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: வாகடர்

சகோதரிக்கு வணக்கம். நான் ஆயுர்வேதம் பயின்று மருத்துவம் பார்ப்பவன். மூலிகையின் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பேசத்தான் போகிறேன், ஆனால் நூல்கள் வைத்திருக்கும் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காணொளிகளில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

ஆயுர்வேதத்தின் மூலநூலான சரக சம்ஹிதையில், உடலைப் பற்றிய பகுதியான சாரீரஸ்தானத்தின் முதல் அத்தியாயத்திலேயே, நினைவு எதனால் எழுகிறது என்று எட்டுக் காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஒன்றின் காரணத்தைக் காண்பது, அதன் வடிவை மனத்தில் வாங்குவது, ஒத்த ஒன்றைப் பார்ப்பது, மாறுபட்ட ஒன்றைப் பார்ப்பது, மனத்தை ஊன்றுவது, இடைவிடாத பயிற்சி, மெய்யறிவு, முன்பு கேட்டதை மீண்டும் கேட்பது என்பவையே அவை. இந்த எட்டில் ஒன்றுகூட மூலிகை அன்று. கவனமும் பயிற்சியும் மறுமுறை கேட்டலும்தான் நினைவின் வேர் என்பதில் அந்நூலுக்கு ஐயமே இல்லை. மூலிகை பிறகு, சிகிச்சைப் பகுதியான சிகித்ஸாஸ்தானத்தின் ரசாயன அத்தியாயத்தில்தான் வருகிறது. ரசாயனம் என்றால் இங்கே வேதிப்பொருள் அன்று, உடலுக்கும் அறிவுக்கும் வலுவூட்டி முதுமையைத் தள்ளிவைக்கும் மருந்து.

அங்கே அறிவுக்கு நன்மை செய்யும் ரசாயனங்கள் என்று நான்கு குறிப்பிடப்படுகின்றன: மண்டூகபர்ணிச் சாறு, பாலுடன் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, வேரும் பூவும் சேர்த்து அரைத்த சங்கபுஷ்பி விழுது. நான்கிலும் சங்கபுஷ்பியே சிறப்புடையது என்று அந்தச் செய்யுள் முடிகிறது. மண்டூகபர்ணி என்பது நம் வல்லாரை. பிரமி என்ற பெயரில்தான் சிக்கல் அதிகம்: வட இந்தியச் சந்தைகளில் பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்று விற்கிறார்கள், கேரளத்திலும் நம் பகுதியிலும் பிரமி என்றால் நீர்ப்பிரமி. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். வல்லாரையின் இலை வட்டமாக, காம்பு சேரும் இடத்தில் பிளந்து, ஓரம் பற்களாக வெட்டியதுபோல் இருக்கும். ஈர நிலத்தில் கொடியாகப் படரும். நீர்ப்பிரமியின் இலை மிகச் சிறியது, தடித்தது, எதிரெதிராக அமைந்தது, வாயில் வைத்தால் நன்றாகக் கசக்கும்; பூ வெண்மையாகவோ வெளிறிய ஊதாவாகவோ இருக்கும். பொட்டலம் வாங்கும்போது செடியின் அறிவியல் பெயரைப் பாருங்கள்: சென்டெல்லா ஆசியாட்டிகா என்றிருந்தால் வல்லாரை, பகோபா மொன்னியரி என்றிருந்தால் நீர்ப்பிரமி. சங்கபுஷ்பியும் இப்படித்தான். வடக்கே ஒரு செடி, நம்மூரில் பெரும்பாலும் விஷ்ணுகிராந்தி, கேரளத்தில் பலர் நீலச் சங்குப்பூவையே கொள்கிறார்கள். பெயர் தெரியாத பொடியை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், தாயாருக்குக் கொடுக்காதீர்கள்.

இனி நீங்கள் குறிப்பிட்டவற்றுக்கு வருகிறேன். பிரமி நெய் என்னும் பிராம்மீ கிருதம், சரகத்தில் வலிப்பு நோய்க்கான அத்தியாயத்தில் வருகிறது. பிரமிச் சாறு, வசம்பு, கோஷ்டம், சங்கபுஷ்பி ஆகியவற்றைச் சேர்த்துப் பழைய நெய்யில் காய்ச்சும் மருந்து அது. வீட்டில் எல்லாரும் சோற்றில் பிசைந்து உண்ணும் சத்து நெய் அன்று. செரிமானத் தீ மந்தமாக இருப்பவருக்கு நெய் மருந்தைத் தொடங்கினால், முதலில் பசி கெடும், பிறகு வயிறு கெடும். பால் குடித்தால் உப்பசம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அவருடைய அக்கினியைச் சீர்செய்யாமல் நான் அதைத் தொடங்கமாட்டேன். சாரஸ்வதாரிஷ்டத்தையும் சிலர் பரிந்துரைக்கலாம். அது புளிக்கவைத்துச் செய்யும் மருந்து. சர்க்கரையும் தேனும் சேர்ந்தது, தானாக உண்டாகும் சாராயமும் அதில் இருக்கும். நீரிழிவுக்காரருக்கு மருத்துவர் கணக்குப் பார்த்தே தர வேண்டும்.

அதிமதுரம் வேண்டாம். நூலில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நூல் இரத்த அழுத்தம் உள்ளவருக்கென்று அதை எழுதவில்லை. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். ஒரு பக்கம் அம்லோடிபின் கொடுத்து அழுத்தத்தை இறக்குவதும் மறுபக்கம் அதிமதுரம் கொடுத்து ஏற்றுவதும் பொருளற்ற வேலை.

வசம்பைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அதை நச்சு நீக்கிச் சுத்தி செய்தே, மிகக் குறைந்த அளவில், குறிப்பிட்ட நோய்களுக்குப் பயன்படுத்துகிறோம். இந்திய வசம்பில் பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் மிகுதி. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதற்கே தடை விதித்தது. நாள்தோறும் தேனில் குழைத்துக் கொடுக்கும் பொருள் அன்று அது.

உணவைப் பொறுத்தவரை, உடலை இயக்கும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் வாதம் ஓங்கும் பருவம் முதுமை என்பது எங்கள் அடிப்படைக் கொள்கை. வறண்டது, ஆறிப்போனது, நேற்று சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தது ஆகியவை இப்பருவத்துக்கு ஆகாதவை. சூடான, அன்றே சமைத்த, சிறிது நெய் சேர்ந்த உணவு நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி நெய் போதும். பாசிப்பருப்பு, கீரை, பூசணி, வெள்ளரி விதை, ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம் நான்கைந்து, நெல்லிக்காய் ஆகியவை நல்லவை. பாலைச் சுக்குத்தூள் சேர்த்துக் காய்ச்சி அரைக் குவளை கொடுத்துப் பாருங்கள். பலருக்கு உப்பசம் குறைகிறது. அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால், புளிக்காத தயிரைக் கடைந்து, சீரகமும் பெருங்காயமும் சேர்த்த மோராக நண்பகலில் கொடுங்கள்.

ரசாயன அத்தியாயத்தின் கடைசியில் ஆசார ரசாயனம் என்று ஒரு பகுதி உண்டு. சினம் தவிர்த்தல், உறக்கமும் விழிப்பும் அளவோடு இருத்தல், நாள்தோறும் பாலும் நெய்யும் உண்ணல் என்று ஒழுக்கத்தையே மருந்தாகச் சொல்லும் பகுதி அது. உங்கள் தாயாருக்கு இதில் கெட்டிருப்பது உறக்கம். இரவில் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் காலைக் கழுவுவது, மாலைக்குப் பின் காப்பியை நிறுத்துவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். எந்த ரசாயனமும் உறங்காத உடம்பில் வேலை செய்யாது.

சார்ங்கதர சம்ஹிதை என்னும் மற்றொரு பழைய ஆயுர்வேத நூல், மனித வாழ்வில் பத்துப் பத்து ஆண்டுகளாக எது எது கழிந்துபோகும் என்று ஒரு பட்டியல் தருகிறது. நான்காவது பத்தில், அதாவது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையிலேயே, மேதை, அதாவது அறிவுக்கூர்மை, குறையத் தொடங்குகிறது என்பது அந்நூலின் கணக்கு. ஆகவே இதை எழுதும் நானும் படிக்கும் பலரும் அந்தக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்தவர்கள்தாம்.

மறுமொழி: மருந்தியல் ஆசிரியை

மேலே வைத்தியர் எழுதியதில் பெரும்பகுதியுடன் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது மூலிகை அன்று. மெட்ஃபார்மின், சைவ உணவு, பாலை நிறுத்தியது, தூக்கத்துக்கு ஒவ்வாமை மாத்திரை என்ற நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான்.

வைட்டமின் பி12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. சைவ உணவு உண்பவருக்குப் பாலும் தயிரும்தான் அதற்கு வழி. அந்த வழியை அம்மா அடைத்துவிட்டார். மெட்ஃபார்மினோ, நெடுநாள் சாப்பிடுபவர்களுக்குச் சிறுகுடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் மருந்து. முதுமையில் இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலிருந்து இந்த வைட்டமின் பிரிவதும் குறைகிறது. பி12 குறைந்தால் மறதி, சோர்வு, காலில் எரிச்சலும் மரத்துப்போதலும், நடையில் தடுமாற்றம் ஆகியவை வரும். கால் எரிச்சலை நீரிழிவின் கணக்கில் எழுதிவிட்டுப் பலரும் கடந்துபோகிறார்கள். நேரத்தில் கண்டு ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்தால் பெரும்பாலும் மீளலாம்; ஆண்டுக்கணக்கில் விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். எந்த மூலிகையும் பி12-க்கு மாற்று ஆகாது. பி12-உடன் தைராய்டு, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, சோடியம், இரத்தசோகை ஆகியவற்றுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் மறதியாக வெளிப்படக்கூடியதே. சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோனாலும் மூளை தடுமாறும். காது கேட்பது குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் சொன்னது சரியாகக் காதில் விழாதவர் நண்பகலில் மீண்டும் கேட்கத்தான் செய்வார்.

இனி அந்தத் தூக்க மாத்திரை. பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகளான ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் கடத்துபொருளின் வேலையைத் தடுப்பவை. நினைவைப் பதியவைப்பதில் முக்கியப் பங்கு வகிப்பதே அந்தப் பொருள்தான். அதனால்தான் முதியவர்களுக்கு இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று முதியோர் மருத்துவத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இரவில் அந்த மாத்திரையையும் காலையில் நினைவுக்கு நீர்ப்பிரமியையும் கொடுப்பது, வைத்தியர் அதிமதுரத்துக்குச் சொன்ன அதே முரண்பாடு. பழக்கமாகிவிட்டதால், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்துங்கள்.

ஆய்வு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பட்டியலில் நீர்ப்பிரமிக்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களிலேயே இதன் பகோசைடு என்னும் சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர்களிடம் ஒழுங்காக, வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் பிறகு வந்தன. ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது. கற்கும் வேகத்தில் மாற்றம் இல்லை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாரத்தை 12 வாரங்கள் உட்கொண்டவர்கள் சொற்பட்டியலைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் சிறிது மேம்பட்டார்கள். 2010-ல் ஆஸ்திரேலியாவிலேயே 55 வயதைக் கடந்த 98 பேரிடம் செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. கூடவே வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் அதிகம் என்றும் பதிவுசெய்தது.

இவற்றிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். பலன் உண்டு, ஆனால் சிறியது. ஒரு வேளை சாப்பிட்டால் எதுவும் நடக்காது. ஒரே வேளை கொடுத்துச் சோதித்த ஆய்வில் வேறுபாடே தெரியவில்லை, ஆகவே குறைந்தது மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியமானது: இவற்றில் பங்கெடுத்தவர்கள் நலமான முதியவர்கள். மறதி நோய் என்று உறுதிசெய்யப்பட்டவருக்கு இது நோயைத் தடுக்கும் அல்லது திருப்பும் என்பதற்கு இந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்ட முடியாது. வல்லாரைக்கு மனித ஆய்வுகள் இன்னும் குறைவு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோதும் நினைவாற்றலில் தெளிவான பலன் தெரியவில்லை. கீரையாக உண்பதற்கு அது தடை இல்லை, மருந்தாக நம்புவதற்குத்தான்.

அமுக்கராவைப் பற்றி ஒரு சொல். நாத்தனார் அன்போடு வாங்கி வந்திருப்பார், ஆனால் இரத்தப் பரிசோதனை முடியும்வரை பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். அது இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கூடுதலாக இறக்கக்கூடியது, தைராய்டு சுரப்பை உயர்த்தக்கூடியது, அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் உணவுச் சேர்ப்பொருள்களில் அதைத் தடைசெய்தது. அத்தனை தூரம் போக வேண்டுமா என்பது வாதத்துக்குரியது. ஆயினும் ஏற்கெனவே இரண்டு மருந்து சாப்பிடும் 67 வயதுக்காரருக்குக் கேட்காமல் கொடுக்கும் பொருள் அன்று அது. சீந்திலுக்கும் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. கொரோனாக் காலத்தில் கைபோன போக்கில் கஷாயம் குடித்தவர்களிடம் மும்பை மருத்துவர்கள் அதைக் கண்டு 2021-ல் எழுதினார்கள்.

கன உலோகத்தையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14 பொருள்களில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் நினைவாற்றலையே கெடுக்கும் நஞ்சு.

மறுமொழி: வாகடர்

ஆசிரியை சொன்ன கன உலோகச் செய்தியை மறுக்கமாட்டேன். அதில் ஒரு விளக்கம் சேர்க்கிறேன். மூலிகை மருந்து வேறு, பாதரசமும் தாதுக்களும் சேர்த்துச் செய்யும் ரச மருந்து வேறு. ஸ்மிருதிசாகர ரசம் என்று ஒரு மருந்து உண்டு. பெயரைப் பார்த்தால் நினைவுக்குக் கடலளவு நன்மை செய்யும் என்று தோன்றும். அதில் பாதரசமும், தாளகம், மனோசிலை என்னும் ஆர்சனிக் தாதுக்களும் சேர்கின்றன. அப்படிப்பட்ட மருந்துகளின் உறையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டப்படி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த வரியைக் கண்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். உறையே இல்லாமல் தாளில் மடித்துத் தரும் மாத்திரை என்றால் சொல்லவே வேண்டாம்.

மறுமொழி: யாழ்மண்

நான் வைத்தியம் அறிந்தவன் அல்லன், சமையல் அறிந்தவன். யாழ்ப்பாணத்தில் வல்லாரை மருந்துக் கடைப் பொருள் அன்று, சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கும் கீரை. மறதிக்கு என்று எவரும் எண்ணி உண்பதில்லை, சோற்றுக்குச் சம்பல் வேண்டுமே என்று உண்கிறோம். பரீட்சைக் காலத்தில் மட்டும் பிள்ளைகளின் தட்டில் அதிகம் விழும்.

வல்லாரைச் சம்பலுக்குத் தளிரான இலையைக் காம்பு நீக்கி, பலமுறை நீரில் அலசி, உப்பு நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்துப் பொடியாக அரிய வேண்டும். புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூ, அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விட்டால் ஆயிற்று. சைவம் அல்லாதவர்கள் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள். நறுக்கிய உடனே பிசைந்து உடனே உண்ண வேண்டும். வைத்தால் கறுத்துக் கசக்கும். பச்சையாக உண்பது வயிற்றுக்கு ஒத்துவராவிட்டால், உழுத்தம்பருப்பும் செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) வறுத்து, இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, தேங்காயும் சிறு துண்டு புளியும் வைத்துத் துவையலாக அரையுங்கள். தமிழ்நாட்டில் அதைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள் என்று அறிவேன்.

இலைக்கஞ்சியும் உண்டு. வல்லாரை, முசுட்டை, முல்லை போன்ற இலைகளை அரைத்துச் சாறெடுத்து, குழைய வேகவைத்த அரிசியில் விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து இறக்கித் தேசிக்காய் பிழிந்து காலையில் குடிப்போம். பற்கள் இல்லாத என் பாட்டனாருக்கு அதுவே ஏற்றதாக இருந்தது. நீரிழிவு உள்ளவருக்கு அரிசியைக் குறைத்து இலையைக் கூட்டலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வல்லாரை சேற்றிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்வது. கழிவுநீர் ஓடும் இடத்தில் பறித்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியில் வளர்ப்பது எளிது. கணு உள்ள ஒரு துண்டுக் கொடியை ஈர மண்ணில் பதித்து, நிழலான இடத்தில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், அது தானாகப் படர்ந்துகொள்ளும்.

மறுமொழி: கீழவீதி

கடைப்பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடையில் நீண்ட நாள் கிடக்கும் பொடியில் பூஞ்சையும் வண்டும் இருக்கும், மணமும் போயிருக்கும். உரிமம் எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் நான்கும் அச்சிடப்பட்ட உறையைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவு. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் மருத்துவரைப் பார்த்தே மருந்து வாங்கலாம், செலவும் இல்லை.

மறுமொழி: பொருநைக்கரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணனிடம் பேசினேன். ஒவ்வாமை மாத்திரைப் பட்டையையும் மற்ற மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் அப்படியே கொண்டுபோவதாகவும், பி12, தைராய்டு பரிசோதனைகளைக் கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் கால் எரிச்சல் உண்டா என்று கேட்டபோது, அது எவ்வளவோ நாளாக இருக்கிறதே, சர்க்கரை என்றால் அப்படித்தானே என்று பதில் வந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள். பரிசோதனைகள் முடிந்து, மருத்துவரும் தடை சொல்லாவிட்டால், நீர்ப்பிரமியை எந்த வடிவில் தொடங்குவது, அது பலன் தருகிறதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது? அண்ணன் மகன் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அம்மாவுக்கு வேண்டாம் என்றால் அந்த அமுக்கராப் பொடியை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று அண்ணியார் கேட்கிறார்.

மறுமொழி: வாகடர்

பையோடு போவது நல்ல முறை. உள்ளூர் ஆயுர்வேத மருத்துவரிடமும் அதே பையைக் காட்டுங்கள்.

நெய் வடிவம் அவருக்கு இப்போது வேண்டாம். நீர்ப்பிரமிப் பொடியையோ தரப்படுத்திய சார மாத்திரையையோ உணவுக்குப் பின் தொடங்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதிகம் வரும். அளவை நேரில் நாடி பார்ப்பவர் முடிவுசெய்யட்டும். நாடித்துடிப்பு இயல்பிலேயே மெதுவாக உள்ளவர்கள், இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், மறதி நோய்க்கு டொனெபெசில் சாப்பிடுபவர்கள் இதைத் தாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சை ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டும். பி12 ஊசி, ஒவ்வாமை மாத்திரை நிறுத்தம், நீர்ப்பிரமி மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எதனால் மாற்றம் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டையும் செய்து, சில வாரம் பார்த்து, தேவை இருந்தால் மூன்றாவது.

பலனை அறிய, மருத்துவமனையில் 30 மதிப்பெண்ணுக்குக் கேட்கும் சிறு நினைவுத் தேர்வை இப்போது ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் அண்ணியார் ஒரு நாட்குறிப்பில், கேள்வி திரும்பத் திரும்ப வந்ததையும் அடுப்பு மறந்ததையும் குறித்துவைக்கலாம்; அம்மாவின் கண்ணில் படாமல் குறித்தால் நல்லது. பழகிய தெருவில் வழி தவறினாலோ, பணக்கணக்கு பிசகத் தொடங்கினாலோ, குணம் மாறினாலோ நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினாலோ, விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மறதி வந்தாலோ, அன்றே மருத்துவமனை.

மாணவனுக்கு அமுக்கரா வேண்டாம். அவனுக்கு வேண்டியது எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கமும், படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப்பார்க்கும் பழக்கமும். நான் முதலில் எழுதிய எட்டுக் காரணங்களில் பயிற்சியும் மீண்டும் கேட்டலும் அவனுக்காகவே எழுதியவை போன்றவை. வல்லாரைத் துவையலை வாரத்தில் இரண்டு நாள் பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்தே அரைத்துவிடுங்கள்.